பிழையைப் பிறப்பித்துச் சோதித்தல்
சேமிப்புக் கருவி இயக்கிகள் இடர்ப்பாட்டை எதிர்கொள்ளும் திறம்

முன்னுரை

கணிப்பொறியின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் அதன் விரைவையே பேசுவர். ஆயின் நாம் ஒரு கணிப்பொறியை நம்புவது அதன் விரைவுக்காக அன்று. நேற்று அதனிடம் ஒப்படைத்ததை இன்று மாறாமல் திருப்பித் தரும் என்பதற்காகவே ஆகும். வங்கியின் வரவு செலவும், மருத்துவமனையின் நோயாளர் குறிப்புகளும், பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியல்களும் இன்று வன்தட்டுகளிலும் திண்மநிலைச் சேமிப்பகங்களிலுமே உறைகின்றன. அக்கருவிகளுக்கும் இயக்க முறைமைக்கும் இடையே நின்று, ஒன்றின் வேண்டுகோளை மற்றொன்றுக்கு உணர்த்தும் மென்பொருளே இயக்கி எனப்படுகிறது. டிரைவர் என்று வழக்கில் வழங்குவதும் இதுவே.

கருவி நலமாக இருக்கும் நாளில் இயக்கியின் பணி எளிது. படிக்கச் சொன்னால் படிக்கும். எழுதச் சொன்னால் எழுதும். கருவி நோயுற்ற நாளில்தான் இயக்கியின் உண்மைத் தகுதி வெளிப்படும். அந்நாள் வரும்வரை காத்திராமல், அதனை நாமே முன்கூட்டி வரவழைத்து இயக்கியைச் சோதிப்பது எங்ஙனம் என்பதனை இக்கட்டுரையில் காண்போம்.

அரிதாய் நடக்கும் வழியில் முள் மிகுதி

நாள்தோறும் மக்கள் நடமாடும் பாதையில் புல் முளைப்பதில்லை; எவரும் செல்லாத பாதையிலோ முட்செடிகள் மண்டிக் கிடக்கும். நிரல்களுக்கும் இது பொருந்தும். ஓர் இயக்கியின் நல்வழிப் பகுதி ஒரு நாளில் பல கோடி முறை இயங்குகிறது. ஆதலின் அதிலுள்ள குறைகள் விரைவில் வெளிப்பட்டுத் திருத்தப்படுகின்றன. பிழை நேரும்போது மட்டும் இயங்கும் பகுதியோ ஆண்டுக்கு ஒருமுறைகூட இயங்காமல் கிடக்கலாம். அதில் உள்ள குறை, கருவி பழுதுறும் அதே கணத்தில்தான் தலைகாட்டும். உதவி மிகவும் வேண்டப்படும் வேளையில் கைவிடும் நண்பனை ஒத்தது அந்நிலை.

இது வெறும் ஊகம் அன்று. லினக்ஸ் இயக்க முறைமையின் மூல நிரல்களை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, முறைமையின் பிற பகுதிகளைவிடக் கருவி இயக்கிகளில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை மிகுதி எனக் கண்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்து ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் லினக்ஸின் கோப்பமைப்புகளையும் மூன்று முக்கியச் சேமிப்பு இயக்கிகளையும் ஆராய்ந்தனர். பிழைக் குறியீடு கைமாறிச் செல்லும் 9,022 இடங்களில் 1,153 இடங்களில், அதாவது ஏறத்தாழ 13 விழுக்காட்டில், அக்குறியீடு கவனிப்பாரின்றி நழுவவிடப்படுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். கீழே உள்ள கருவி 'என்னால் இயலவில்லை' என்று கூறியும், மேலே உள்ள நிரலின் செவியில் அது விழவில்லை என்பதே இதன் பொருள்.

பிழையின் மூவகை

சேமிப்புக் கருவிகளில் நேரும் பிழைகளை நாம் மூவகையாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, கருவி தானே வாய்விட்டுக் கூறும் பிழை. இரண்டாவது, ஆணையைப் பெற்றுக்கொண்டு ஏதும் மறுமொழி கூறாமல் கருவி ஊமையாகிவிடுதல். மூன்றாவது, இணைப்பு அறுந்தோ பிடுங்கப்பட்டோ கருவி இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோதல்.

முதல் வகைக்கு ஸ்கஸி என்னும் நெறிமுறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1986இல் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்ட இந்நெறிமுறை பழமைப்பட்டுப் போய்விடவில்லை. லினக்ஸில் இன்றைய சேட்டா வன்தட்டுகளும் யூஎஸ்பி சேமிப்புகளும் ஸ்கஸி அடுக்கின் வழியாகவே கையாளப்படுகின்றன. இந்நெறிமுறையில் ஆணை நிறைவேறாதபோது கருவி அதன் காரணத்தை ஓர் எண்ணால் உணர்த்தும். 2 எனில் கருவி ஆயத்தமாக இல்லை. 3 எனில் தட்டின் பரப்பு பழுது. 4 எனில் வன்பொருட் கோளாறு. 5 எனில் ஆணையே முறையற்றது. 6 எனில் கருவியின் நிலை மாறியுள்ளது, கவனிக்க என்பது பொருள். இவை ஒவ்வொன்றுக்கும் இயக்கி செய்ய வேண்டுவது வேறு. ஆயத்தமாக இல்லாத கருவிக்குச் சிறிது நேரம் தந்து மீண்டும் கேட்கலாம். பரப்பே கெட்டு, படிக்க இயலாதென்று கருவி முடிவாய்க் கூறிவிட்டால், பயனற்ற மறுமுயற்சிகளில் காலங்கழிக்காமல் மேலே அறிவித்துவிட வேண்டும். எல்லாப் பிழைகளுக்கும் ஒரே மருந்தைத் தரும் இயக்கி, எல்லா நோய்க்கும் ஒரே சூரணத்தைத் தரும் வைத்தியரை ஒத்தது.

இரண்டாம் வகையே மிகக் கொடியது. பேசாத கருவியிடம் காரணம் கேட்க இயலாது. ஆகவே ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு காலக்கெடு வைக்கப்படுகிறது. லினக்ஸில் வட்டுகளுக்கான இயல்பான கெடு 30 விநாடிகள். கெடு கடந்தால் மீட்பு நடவடிக்கை தொடங்கும்.

மீட்டமைப்பு என்னும் ஏணி

ஊமையான கருவியைப் பேச வைக்க இயக்கி கையாளும் முறை, படிப்படியாக ஏறும் ஏணி போன்றது. முதற்படியில், நிலுவையிலுள்ள அந்த ஓர் ஆணையை மட்டும் கைவிடுமாறு கருவிக்குச் சொல்லப்படும். பயனில்லையேல் இரண்டாம் படியில் அந்தக் கருவி மட்டும் மீட்டமைக்கப்படும். ரீசெட் என நாம் அறிந்திருப்பது இதுவே. மூன்றாம் படியில், ஒரே முகவரியின்கீழ் உள்ள அலகுகள் அனைத்தும். நான்காம் படியில், பஸ் எனப்படும் பொது இணைப்பில் உள்ள கருவிகள் அனைத்தும். ஐந்தாம் படியில், அவற்றையெல்லாம் ஆளும் கட்டுப்பாட்டு அட்டையே மீட்டமைக்கப்படும். ஒவ்வொரு படியின் முடிவிலும் 'ஆயத்தமா?' என்று கருவியிடம் வினவி, ஆம் எனில் மேற்செல்லாமல் நிற்பது முறை. ஐந்தும் தோற்றால் அக்கருவி பணியினின்று விலக்கப்படும்.

எறும்பைக் கொல்ல யானையை ஏவாமல் சிறியதில் தொடங்கிப் பெரியதற்குச் செல்வதே இதன் நோக்கம். ஏனெனில் மேலே ஏற ஏறக் குற்றமற்றவையும் தண்டிக்கப்படுகின்றன. பொது இணைப்பை மீட்டமைத்தால், பிழை செய்த கருவியோடு அதே இணைப்பில் நலமாக இயங்கிக்கொண்டிருந்த பிற கருவிகளின் ஆணைகளும் அழிந்துபோகும். இணைக்கம்பி முறையிலான ஸ்கஸியில் இதற்கென்றே தனிக் கம்பி ஒன்று இருந்தது. அதனைக் குறைந்தது 25 மைக்ரோ விநாடி நேரம் இயக்கிப் பிடித்தால், அவ்விணைப்பில் இருந்த கருவிகள் அனைத்தும் தத்தம் பணியை மறந்துவிடும். அங்ஙனம் அழிந்த அயலாரின் ஆணைகளைத் திரும்ப அனுப்புவதும், அப்பிழையை அவற்றின் கணக்கில் எழுதாமலிருப்பதும் இயக்கியின் கடமை.

மீட்டமைப்பு எதனை அழிக்கிறது?

மீட்டமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது பொது வழக்கம். உண்மையில் மீட்டமைப்பு, நோயைத் தீர்க்கும்போதே நினைவையும் போக்கும் மருந்து. வரிசையில் காத்திருந்த ஆணைகள், கருவியோடு பேசி முடிவு செய்த வேக அளவுகள், கருவியில் தற்காலிகமாக மாற்றப்பட்ட அமைப்புகள் ஆகியவை நீங்கிவிடக் கூடும். ஆதலின் மீட்டமைப்புக்குப் பின் கருவி தன் முதல் மறுமொழியிலேயே மேற்கூறிய 6ஆம் எண்ணைத் தந்து, 'நான் மீட்டமைக்கப்பட்டேன். என்னைப் பழையபடி கருதற்க' என்று எச்சரிக்கிறது. இவ்வெச்சரிக்கையைப் பிழை என்று கருதிப் பயனரின் ஆணையை மறுக்கும் இயக்கியும் தவறுகிறது. அதனைக் கண்டும் காணாமல் செல்லும் இயக்கியும் தவறுகிறது.

இதன் அருமையைக் காந்த நாடாக் கருவிகளில் தெளிவாகக் காணலாம். ஒரு நாடாவின் நடுவில் எழுதிக்கொண்டிருக்கும்போது பொது இணைப்பு மீட்டமைக்கப்பட்டால், நாடா தொடக்கத்துக்கே சுற்றப்பட்டுவிடக் கூடும். இயக்கி அதனை அறியாமல் அடுத்த பகுதியை எழுதுமாயின், முன்னர்க் காத்து வைத்த தரவுகளின் தலைமேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். பிழையோ வேறொரு கருவியில்; அழிந்ததோ இந்த நாடாவின் செல்வம்! இக்காரணத்தாலேயே லினக்ஸின் நாடா இயக்கி, மீட்டமைப்பு நிகழ்ந்ததை அறிந்தால் 'நாடாவின் இருப்பிடம் தெரியவில்லை' எனக் குறித்துக்கொண்டு, பயனர் நாடாவைச் சுற்றியோ நகர்த்தியோ இடத்தை உறுதி செய்யும்வரை எழுத மறுக்கிறது. மறுப்பதும் ஒரு பாதுகாப்பே.

பிழையைப் பிறப்பிக்கும் கருவிகள்

நல்ல வன்தட்டை நாம் விரும்பும் நேரத்தில் கெடச் செய்ய இயலாது. கெட்ட வன்தட்டோ ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. சோதனைக்கு வேண்டுவது, வேண்டும்போது வந்து, வேண்டியவாறே மீண்டும் நிகழும் பிழை. அதற்கான வழிகள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, போலிக் கருவி. லினக்ஸில் உள்ள ஸ்கஸி டீபக் என்னும் இயக்கி, கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு பகுதியை எடுத்து, அதனை ஸ்கஸி வட்டு போலவே நடிக்கச் செய்கிறது. வேறு அளவு கூறாவிடில் அவ்வட்டின் கொள்ளளவு 8 மெகாபைட்டு. பரப்புப் பழுதை நடிக்கச் சொன்னால், 4,660ஆம் எண்ணுள்ள பகுதியைப் படிக்கும்போது அது பிழை கூறும். ஒவ்வொரு நூறாவது ஆணைக்கும் மறுமொழி கூறாதே என்று சொன்னால் அவ்வண்ணமே ஊமையாகி, மேலே கண்ட மீட்பு நடவடிக்கையை இயங்கச் செய்யும். ஆயினும் போலிக் கருவியால் சோதிக்கப்படுவது நடு அடுக்கே. உண்மையான கட்டுப்பாட்டு அட்டையின் இயக்கியைச் சோதிக்க உண்மையான அட்டை வேண்டும்.

இரண்டாவது, உண்மைக் கருவியின்மேல் கட்டளையால் மீட்டமைப்பைச் சுமத்துதல். எஸ்ஜி ரீசெட் என்னும் சிறு நிரல், ஏணியின் மீட்டமைப்புப் படிகளை நாம் விரும்பும் நேரத்தில் நேராக ஏவ உதவுகிறது. என்விஎம்இ வகைச் சேமிப்பகங்களுக்கும் அவற்றின் கட்டுப்படுத்தியை மீட்டமைக்கும் கட்டளை உண்டு. கருவி ஓய்ந்திருக்கும்போது மீட்டமைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. நூற்றுக்கணக்கான ஆணைகள் வழியில் இருக்கும்போது, மீண்டும் மீண்டும், பல மணி நேரம் மீட்டமைத்தல் வேண்டும். ஒரு மீட்டமைப்பு முடியும் முன் மற்றொன்றை ஏவிப் பார்ப்பதும் இன்றியமையாதது.

மூன்றாவது, இடையில் ஓர் அடுக்கை நுழைத்தல். டீஎம் ஃபிளேக்கி என்னும் அடுக்கு, சில விநாடிகள் நேர்மையாகவும் அடுத்த சில விநாடிகள் பிழையாகவும் நடந்துகொள்ளும். எழுதப்பட்டவற்றை வெற்றி என்று சொல்லிவிட்டு உண்மையில் எறிந்துவிடவும் அதற்குக் கற்பிக்கலாம். டீஎம் டஸ்ட் என்னும் மற்றோர் அடுக்கு, நாம் குறிக்கும் பகுதிகளை மட்டும் படிக்க இயலாதவையாக்கும். இவை இயக்கியைக் காட்டிலும் அதன் மேலுள்ள கோப்பமைப்பைச் சோதிக்கவே மிகுதியும் உதவுவன.

நான்காவது, எளிய வழி. ஓடும் கருவியின் இணைப்பைப் பிடுங்குவதும், மின்சாரத்தை நிறுத்துவதும் ஆகும். மீட்டமைப்புக்கும் மின்னிழப்புக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் மறத்தல் கூடாது. பொதுவாக மீட்டமைப்பால் கருவியின் கேச் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் உள்ளது அழிவதில்லை; மின்சாரம் போனால், தனிப் பாதுகாப்பு இல்லாத கருவிகளில் அது அழியும். ஆதலின் ஒரு சோதனையில் தேறியதைக் கொண்டு மற்றொன்றிலும் தேறியதாகக் கருத இயலாது.

எவற்றைக் கவனித்தல் வேண்டும்?

'சோதனை செய்தோம், கணிப்பொறி நின்றுவிடவில்லை' என்பது போதிய சான்றாகாது. நாம் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு.

ஒன்று: ஒவ்வோர் ஆணையும் ஒரே ஒரு முறை முடிவுற்றதா? முடிவே பெறாத ஆணை, அதனை எதிர்நோக்கும் நிரலை என்றென்றும் காத்திருக்க வைக்கும். இருமுறை முடிவுற்ற ஆணை, வேறொருவருக்குத் தரப்பட்டுவிட்ட நினைவகத்தைக் கெடுக்கும்.

இரண்டு: கைவிடப்பட்ட ஆணை உண்மையிலேயே இறந்ததா? இதுவே இத்துறையின் நுட்பமான இடம். கெடு முடியும் 30ஆம் விநாடியில் இயக்கி ஆணையைக் கைவிடத் தொடங்குகிறது. அதே கணத்தில் கருவியின் மறுமொழியும் வந்து சேர்கிறது எனக் கொள்வோம். இயக்கி அந்த நினைவகத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுத்த பின் கருவி அதில் தரவை எழுதுமாயின், தொடர்பே இல்லாத ஏதோ ஒரு நிரல் சிதையும். இதனினும் தீயது, கைவிடப்பட்டதாகக் கருதப்பட்ட பழைய எழுத்தாணை உயிர்பிழைத்து, அதே இடத்தில் பின்னர் எழுதப்பட்ட புதியதன்மேல் எழுதிவிடுவது. இதனைப் பிடிக்க, மறுமொழியின் தாமதத்தைக் கெடுவுக்குச் சற்று முன்னும், சரியாகக் கெடுவிலும், சற்றுப் பின்னுமாக மாற்றி மாற்றிச் சோதித்தல் வேண்டும். எழுதும் ஒவ்வொரு பகுதியிலும் அதன் இட எண்ணையும், எத்தனையாவது முறை எழுதப்பட்டது என்பதையும், சரிபார்ப்புத் தொகையையும் பொறித்து வைத்தால், இடம் மாறியதையும் பழையது மீண்டதையும் தவறாமல் கண்டறியலாம்.

மூன்று: மேலே சொல்லப்பட்டது உண்மையா? ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர், செல்லரித்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினர். 'இங்கே இழப்பு உண்டு' என்று அறிந்த வாசகன் வேறு சுவடியைத் தேடலாம். இழப்பை மறைத்து இட்டுக்கட்டிய பாடத்தைப் பெற்ற வாசகனுக்கோ தேடவேண்டும் என்ற எண்ணமே எழாது. இயக்கியும் அங்ஙனமே. படிக்க இயலாததைப் படிக்க இயலவில்லை என்று கூறுவது தோல்வி அன்று. வெற்று இடையகத்தைத் தந்து வெற்றி என்று கூறுவதே தோல்வி.

நான்கு: எவ்வளவு காலத்தில் மீண்டது? ஓர் ஆணைக்கு 30 விநாடிக் கெடுவும், வட்டுகளுக்கு இயல்பாக உள்ள 5 மறுமுயற்சிகளும், ஒவ்வொரு முயற்சியின் பின்னும் மீட்பு ஏணியும் சேர்ந்தால் காத்திருப்பு பல நிமிடங்களாக நீளும். இறுதியில் சரியான விடை வந்தாலும், காத்திருந்த மேல்நிரல் அதற்குள் நம்பிக்கை இழந்திருக்கும்.

கெடுவுகள் தம்முள் முரண்படுதல்

ரெய்டு எனப்படும் பல்வட்டுத் தொகுதிகளில் இக்கால அளவின் அருமை நன்கு விளங்கும். வீட்டுப் பயனுக்கான வன்தட்டுகள் சில, படிக்க இயலாத ஒரு பகுதியைப் படித்தே தீர்வதென்று ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தாமே போராடும். இயக்கியின் கெடுவோ 30 விநாடி. வட்டு இன்னும் போராடிக்கொண்டிருக்கையில் இயக்கி மீட்டமைப்பைத் தொடங்கும். போராட்டத்தில் மூழ்கிய வட்டு அதற்கும் மறுமொழி கூறாதிருக்கும். முடிவில், ஒரே ஒரு பகுதி கெட்ட வட்டு முழுவதுமே இறந்ததாகக் கருதித் தொகுதியிலிருந்து விலக்கப்படும். அதனை ஈடுசெய்யப் பிற வட்டுகளை முழுவதும் படிக்கும்போது வேறொரு வட்டிலும் இதே நிலை நேர்ந்தால், தொகுதியே குலையும்.

இதனைத் தவிர்க்க, தொகுதிகளுக்கான வட்டுகளில் மீட்பு முயற்சியை 7 விநாடி அளவில் நிறுத்திக்கொள்ளுமாறு அமைப்பது வழக்கம். அவ்வசதி இல்லாத வட்டுகளுக்கு இயக்கியின் கெடுவை 180 விநாடி அளவுக்கு உயர்த்துவர். இங்கே வட்டிலும் தவறில்லை, இயக்கியிலும் தவறில்லை. இரண்டின் கெடுவுகளும் ஒன்றையொன்று அறியாமையே தவறு. உறுப்புகளைத் தனித்தனியே சோதித்தால் இக்குறை வெளிப்படாது. அனைத்தையும் கூட்டி வைத்துச் சோதித்தாலே புலப்படும்.

செய்தி சேர வேண்டிய இடம்

இயக்கி தன் கடமையைச் செவ்வனே ஆற்றினும், அதன் சொல் உரிய செவியைச் சென்றடையாவிடில் பயனில்லை. போஸ்ட்கிரெஸ் என்னும் புகழ்பெற்ற தரவுத்தளத்தை உருவாக்குவோர் 2018ஆம் ஆண்டில் இதனை உணர்ந்தனர். 'எழுதியவை அனைத்தும் வட்டை அடைந்தனவா?' என்று தரவுத்தளம் லினக்ஸிடம் கேட்கும். பிழை எனில் மீண்டும் கேட்கும். ஆனால் பல கோப்பமைப்புகளில், முதல் முறை பிழையை அறிவித்தவுடனேயே எழுதப்படாத அப்பக்கங்கள் 'இனி எழுத வேண்டுவதில்லை' எனக் குறிக்கப்பட்டுவிடும். ஆகவே இரண்டாம் முறை கேட்டபோது 'ஆம், எல்லாம் நலம்' என்ற விடை வந்தது. பல ஆண்டுகளாக நம்பப்பட்டு வந்த மறுமுயற்சி, உண்மையில் இழப்பை மூடி மறைக்கும் திரையாக இருந்தது. 2019 பிப்ரவரியில் வெளியான திருத்தப் பதிப்புகளில், அத்தகைய பிழை நேர்ந்தால் தரவுத்தளம் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, முன்பே எழுதி வைத்த நடவடிக்கைக் குறிப்பேட்டிலிருந்து மீண்டெழுமாறு மாற்றினர்.

2014ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. பல கணிப்பொறிகளில் பரந்து இயங்கும் ஐந்து மென்பொருள்களில் நேர்ந்த 198 பழுதுகளை ஆராய்ந்த அவ்வாய்வாளர்கள், பேரழிவாய் முடிந்தவற்றுள் 92 விழுக்காடு, முன்பே தெளிவாக அறிவிக்கப்பட்ட சிறு பிழைகளைச் சரிவரக் கையாளாமையால் விளைந்தவை என்று கண்டனர். சிறு பிழை பெருங்கேடாவது அதன் வலிமையால் அன்று, நமது புறக்கணிப்பால்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சேமிப்புக் கருவியின் இயக்கியைச் சோதிப்பது என்பது அது எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று அளப்பதோடு முடிவதன்று என்பது தெளிவாகும். கருவி பிழை கூறும்போதும், ஊமையாகும்போதும், மறையும்போதும் இயக்கி என்ன செய்கிறது, எதனைக் காக்கிறது, எதனை மேலே சொல்கிறது என்பவற்றை நாமே பிழையைப் பிறப்பித்து, மீண்டும் மீண்டும் பார்த்தல் வேண்டும். அச்சோதனையும் ஒரே நாளில் முடிவதன்று. நிரலில் ஒரு வரி மாறும்போதெல்லாம் மறுபடி நிகழ்த்தப்பட வேண்டுவது.

கணிப்பொறித் துறையில் புகும் நம் மாணவர்கள் புதிய நிரல்களை எழுதுவதில் ஆர்வம் காட்டுவது மகிழ்தற்குரியது. தாம் எழுதிய ஒவ்வொரு நிரலின் முன்னும் 'இது இயங்குகிறதா?' என்று வினவுவதோடு நில்லாமல், 'இதன் கீழுள்ளது இயங்காதபோது இது என்ன செய்யும்?' என்றும் அவர்கள் வினவுவார்களாக. அவ்வினாவுக்கு நேர்மையான விடை தரும் நிரலிடமே, ஒரு நோயாளியின் குறிப்பையோ ஓர் ஏழையின் சேமிப்பையோ நாம் நம்பி ஒப்படைக்கலாம்.